கெழக்கத்தியான் புதைந்த ஊர்

குரும்பலூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கெழக்கத்தியான் வீடு என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் நின்று கேட்டால், "கெழக்கத்தியான் வூடுதானே, அந்த தண்ணி டேங்குக்கு அந்தாண்ட போங்க" என்று கைகாட்டுவார்கள். பள்ளிக்கூட நாட்களில் எனக்கு அது பிடிக்காது. அங்கேயே பிறந்து வளர்ந்தும், நேற்று வந்து இறங்கியவர்கள் மாதிரி ஒரு பெயர்.

வந்தவர்கள்தான். அப்பாவின் தாத்தா, அதாவது என் பூட்டன், கொள்ளிடக்கரையில் ஒரு ஊரில் பண்ணையாளாக இருந்தவர். ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணையை விட்டுக் கிளம்பிவிட்டார். கட்டிவைத்து அடித்தார்கள், அதனால்தான் என்று அப்பா சொல்வார். மூத்த பிள்ளையையும் மாடு மேய்க்க விடச் சொன்னார்கள், அதற்கு மனசு ஒப்பவில்லை என்று சித்தப்பா சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மேற்கே நடந்து நடந்து, யாருக்கும் வேண்டாமென்று கிடந்த ஒரு கல்லாங்காட்டில் வந்து குடிசை போட்டார். கல்லைப் பொறுக்கி வரப்பு கட்டினார். வரகு விதைத்தார். கிணறு வெட்டினார். தண்ணீர் வந்த சேதி தெரிந்ததும் அவருடைய அண்ணன் தம்பிகள், பங்காளிகள் என்று ஒவ்வொரு குடும்பமாகப் பண்ணையை விட்டு வந்து சேர்ந்தார்கள். இன்று எங்கள் தெருவில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அந்த ஒரு ஆள் பின்னால் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள்.

ஆனால் அவர் அந்த மண்ணில் இல்லை. மழை பொய்த்த ஒரு வருடம், அரியலூர் பக்கம் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போனவர் திரும்பவில்லை. ரொம்ப நாள் கழித்து யாரோ ஒருவர் வந்து, ஆள் தவறிவிட்டார், ரயில் ரோட்டோரம் ஏரிக்கரையில் இலுப்பை மரத்தடியில் புதைத்திருக்கிறது என்று சொன்னாராம். ஊர்ப் பெயரையும் சொல்லியிருப்பார். அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் நிற்கவில்லை. என் தாத்தா அப்போது சின்னப் பையன். பெரியவனான பிறகு தேடிப்போக அவருக்குக் காடு விடவில்லை. அப்பாவுக்கு வேலை விடவில்லை. அப்பா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

போன வருடம் அப்பாவுக்குத் திருச்சியில் இதய ஆபரேஷன் நடந்தது. வார்டுக்கு மாற்றிய அன்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, எங்க தாத்தனப் பொதைச்ச எடத்த ஒரு தடவ பாத்துரணும்."

"மொதல்ல எந்திரிச்சு நடங்கப்பா."

"நடக்கத்தான் போறேன். நீ எடத்தக் கண்டுபுடிச்சு வையி."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கேட்ட ஒரே விஷயம் அது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். படிக்க முடியவில்லை, ஊசி கோக்க முடியவில்லை என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அரியலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டே கேட்பேன். "உங்க ஊருல ரயில் ரோட்டோரமா ஏரி இருக்குங்களா? கரையில பெரிய இலுப்ப மரம்? கெழக்கத்தியான்னு யாரையாச்சும் பொதைச்சிருக்காங்களாமா?" பாதிப் பேர் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். ஒரு பெரியவர், "கண்ணாடி வாங்க வந்தா பொணத்த விசாரிக்கிறியேம்மா" என்று எழுந்தே போய்விட்டார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் பைக்கில் கிளம்பினோம். அரியலூர் போய், ரயில் பாதையை விடாமல் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போனோம். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதியில் என் சேலை வெளுத்துப் போயிற்று. ஏரிக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. இலுப்பை மரங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் அடியில் கோயில் இருந்தது, இல்லையென்றால் சீட்டாடுகிறவர்கள் இருந்தார்கள். கெழக்கத்தியான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியாக ஒரு ரயில்வே கேட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, அங்கே நின்றிருந்த ஒருவர் சொன்னார்: "ரெண்டாவது லைன் போட்டப்ப இந்தப் பக்கமெல்லாம் மண்ணு வெட்டி நெரவுனாங்க. பழைய பொதகுழி எதுவும் இப்ப இருக்குமான்னு தெரியலீங்க."

அதோடு வீடு திரும்பினோம். பூட்டனின் மேல் தினமும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருக்கோம்ப்பா, இன்னும் பாக்க வேண்டியது இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் அப்போது வாசலிலிருந்து தெருமுனை வரை நடக்கத் தொடங்கியிருந்தார்.

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் அரியலூருக்குக் கிழக்கே. சித்திரையில் அவருடைய தம்பி பேரனுக்குக் காதுகுத்து. என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நானும் மாமியாரும் பஸ்ஸில் போனோம். மாமியார் பேச்சில் கெட்டிக்காரர். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச ஆரம்பித்தால், பாயசம் வருவதற்குள் அவர் எந்த வகையில் சொந்தம் என்று கண்டுபிடித்துவிடுவார். நான் அன்றும் விடவில்லை. காதுகுத்துக்கு வந்திருந்த ரயில் பாதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். மாமியாருக்கு மானம் போயிற்று.

"காது குத்துன வூட்டுல பொதகுழியப் பத்தி பேசாதன்னா கேக்குறியா?"

"எங்கப்பா கேக்குறாரே அத்த."

"கேக்குறாருதான்" என்று முணுமுணுத்துவிட்டு, அவரே இரண்டு பேரிடம் எனக்காக விசாரித்தார். பயனில்லை.

சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினோம். மாமியார் ஆசைப்பட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். வெயில் நேராகக் கண்ணாடி வழியாக வந்து முகத்தில் அடித்தது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எரிச்சலாகச் சொன்னார்.

"உங்க ஊருப் பக்கம் சாயந்தரத்துல வரவே கூடாது. மேக்க பாத்து போற வண்டி, மூஞ்சிலயே அடிக்குது."

நான் சும்மா உம் கொட்டினேன். கொஞ்ச தூரம் போனபின் முந்தானையை விலக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கெழக்கேருந்து வந்ததால உங்க ஊருல அவரு கெழக்கத்தியான். சரி. இங்க வேலைக்கு வந்தப்ப எங்கேருந்து வந்தாரு?"

"நம்ம பக்கத்துலேருந்து."

"நம்ம பக்கம் இங்கேருந்து மேக்கால்ல இருக்கு? அப்ப இங்க யாரு அவரக் கெழக்கத்தியான்னு சொல்லியிருப்பா?"

எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! ஒருவரிடமாவது சரியாகக் கேட்கவில்லை. மாமியாரோ ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்ட நினைப்பே இல்லாமல், காதுகுத்து வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். இந்த முறை மாமியாரும் நானும். ஒரு வாடகை ஆட்டோவை அமர்த்திக்கொண்டு, ரயில் பாதையோர ஊர்களில் நிறுத்தி நிறுத்தி, "மேக்கத்தியான்னு ஒருத்தர் சமாதி இங்க எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டோம். மூன்றாவது ஊரின் டீக்கடையில், வடை போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை நீட்டி வழி சொன்னார்.

"மேக்கத்தியாரா? அடுத்த ஊரு காலனியில கேளுங்க. அவங்க கெணறு வெட்டுனவரு."

நாங்கள் மேக்கத்தியான் என்று கேட்டதை அவர் 'மேக்கத்தியார்' என்று மரியாதையாகச் சொன்னார். மாமியார் என் கையை அழுத்திப் பிடித்தார்.

அடுத்த ஊர்த் தெருவில் நாங்கள் இறங்கியபோது, ஒரு மூதாட்டி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம்தான் கேட்டோம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து எங்களைத் தெருவின் கடைசிக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே ஒரு கிணறு. இரும்பு வலை போட்டு மூடியிருந்தது. மோட்டார் வைத்துத் தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் போகிறது.

பெரியவர்தான் கதையைச் சொன்னார். ரயில் வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்தபோது அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் கொட்டகை போட்டிருந்தார்களாம். ஊர்க் கிணற்றில் இந்தத் தெருக்காரர்கள் வாளி விடக் கூடாது. ஏரித்தண்ணீரைத்தான் மாடுகளோடு சேர்ந்து குடித்தார்கள். கொட்டகையில் இருந்தவர்களில் ஒருவர், "நம்ம கையில கடப்பாரை இருக்கறப்ப அடுத்தவன் கெணத்துக்கு ஏன் நிக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். ரயில் வேலை முடிந்து மற்றவர்கள் அடுத்த இடத்துக்குப் போனபோது அவர் போகவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று நின்றுவிட்டார்.

"தண்ணி வந்துச்சுங்களா?" என்று நான் கேட்டேன். கேள்வி எனக்கே அபத்தமாகப் பட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு. அப்பறம் கரை சரிஞ்சு மேல விழுந்து போயிட்டாரு" என்றார் பெரியவர்.

"எவன் சொன்னது?" என்று மூதாட்டி குறுக்கே வந்தார். "கரையும் சரியல ஒண்ணும் சரியல. ஊருக்குக் கெளம்ப மூட்ட கட்டி வெச்சவருக்கு பேதி கண்டுச்சு. எங்கம்மா அவரு வாயில தண்ணி ஊத்துனத பாத்துருக்கு."

"எங்க பாட்டன் மண்ணத் தோண்டி எடுத்ததா சொல்லுவாரு."

"உங்க பாட்டன் அன்னிக்கு எந்த ஊருல இருந்தாரோ!"

இருவரும் எங்களை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன் செத்துப்போன, பெயர் தெரியாத ஒரு அந்நியரைப் பற்றி இன்னும் இவ்வளவு உரிமையோடு சண்டை போட ஆள் இருக்கிறார்கள்.

ஆனாலும் இவர்தான் என் பூட்டன் என்பதற்கு என்ன உறுதி? மேற்கிலிருந்து எத்தனையோ பேர் வந்திருக்கலாம். வலை வழியாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் பதித்த கல்படிகள் கீழே இறங்கின. படிகளின் பக்கத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு சின்ன மாடம் குடைந்திருந்தது. எங்கள் காட்டுக் கிணற்றிலும் அப்படி ஒரு மாடம் உண்டு. கஞ்சிக் கலயம் வெயிலில் காயாமல் இருக்கப் பூட்டன் வெட்டியது என்பார்கள். போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"பாப்பா, எறங்குறப்ப அந்த மாடம் எந்தக் கைப் பக்கமா வருது?"

பெரியவரிடம் கேட்டேன். கிணற்றில் பலமுறை தூர் எடுக்க இறங்கியவர் அவர். ஒரு கணம் கண்ணை மூடி, காற்றில் படி இறங்குவதுபோலக் காலை வைத்துப் பார்த்துவிட்டு, இடது கையைத் தூக்கினார்.

"எடக்கைப் பக்கம்ப்பா."

எங்கள் காட்டுக் கிணற்றிலும் அது இடக்கைப் பக்கம்தான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி தானாகச் சொன்னார்: "ஆமா, அவரு பீச்சாங்கைக்காரரு. கடப்பாரையே அந்தக் கையிலதான் போடுவாராம். எங்கம்மா சொல்லும்."

போனில் அப்பா அழும் சத்தம் கேட்டது. ஆபரேஷன் செய்த நெஞ்சு என்று எனக்குப் பயம். "அழுவாதீங்கப்பா, அழுவாதீங்க" என்றேன். மாமியார் போனைப் பிடுங்கி, "சம்பந்தி, அழுதா அழுதுருங்க, அப்பறம் ஒரு வாய் தண்ணி குடிங்க. நாங்க எடத்தையும் பாத்துட்டு வரோம்" என்றார்.

ஏரிக்கரை அங்கிருந்து கூப்பிடு தூரம். ரயில் பாதை கரையின் மறுபக்கத்தில் விலகிப் போனது. இலுப்பை மரம் இல்லை. ஒரு புயலில் சாய்ந்துவிட்டதாம். அது நின்ற இடத்தில் ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. அதன் அடியில் நீளமான ஒரு பாறைக்கல், சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் பூசி. முன்னால் ஒரு அகல். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. இரண்டாவது பாதைக்கு மண் எடுக்க வந்தபோது, தெருவே திரண்டு போய் இந்தப் பக்கம் வெட்ட விடாமல் நின்றார்களாம். பெரியவர் அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. வீட்டு ஆளைக் காப்பாற்றியதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கும் முன் அப்பாவைக் கூட்டிப்போனோம். டாக்டர் படி ஏறலாம் என்று சொல்லியிருந்தார்; கரை ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, ஏறிவிட்டார். கல்லுக்கு முன்னால் நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுவந்த வேட்டியைக் கல்லின் மேல் போர்த்தினார். வெற்றிலை பாக்கு வைத்தார். பிறகு திடீரென்று கோபமாகச் சொன்னார்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா? தண்ணியப் பாத்துட்டு வரேன்னு? எங்கப்பா எத்தன நாளு ரோட்டப் பாத்துட்டு ஒக்காந்திருப்பாரு!"

காற்றில் வேட்டியின் முனை படபடத்தது. மூதாட்டி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"செத்த பெறகு சொல்லி அனுப்புனோங்க. எங்க தெருவு ஆளுதான் வந்தது. நடந்தே போயி விசாரிச்சு சொல்லிட்டு வந்ததாம். அந்த வூட்டுல அத்தன அழுகையிலயும் தனக்குச் சோறு ஆக்கிப் போட்டாங்கன்னு சாவுற வரைக்கும் சொல்லுமாம்."

சோறு போட்ட கதை எங்களுக்குத் தெரியாது. அதைச் செய்தவர் பூட்டி, அப்பாவின் அப்பத்தாவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது முகத்தில் தெரிந்தது.

"அவரு பேரு என்னங்க?" என்று தெருக்காரர்களில் ஒருவர் கேட்டார். அப்பா சொன்னார். அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். மூதாட்டி மட்டும், "நல்ல பேருதான். ஆனா நாங்க மேக்கத்தியாருன்னே கூப்பிட்டுக்கறோம், பழகிப்போச்சு" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் போதவில்லை. கிரானைட்டில் சமாதி, சுற்றிக் கம்பி வேலி, பெயர் பொறித்த கல் என்று போனிலேயே திட்டம் போட்டான். பெரியவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கட்டுங்க, வேண்டாங்கல. ஆனா பூட்டு கீட்டு போட்டு வெச்சுராதீங்க. நெனச்சப்ப வந்து வெளக்கேத்துறவங்க நாங்க." தம்பி நேரில் வந்து பார்த்தான். அந்த மஞ்சள் பூசிய கல்லுக்கு முன்னால் நின்றபின் கிரானைட் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு சிமெண்ட் மேடை கட்டினோம். வேலை நடந்த அன்று மாமியார் அங்கே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன சொந்தம் என்று விசாரித்து முடித்தார். அந்தத் தெருவில் அவருக்கே ஒரு தூரத்து அத்தை முறை கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் மூதாட்டியின் பேத்திக்குப் பெரம்பலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வந்ததும் அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கிறாள். மாத்திரை போட்டாரா என்று அதட்டுகிறாள். என் அதட்டலுக்கு அசையாதவர் அவளுக்கு அடங்கிப் போகிறார். போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு காட்டைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார். வரப்பு மேடு பள்ளமாக இருக்கும், மெதுவாகப் போங்கள் என்று நான் வாசலில் நின்று கத்தினேன்.

"நாங்க போய்க்குவோம், நீ கொழம்ப எறக்கி வையி" என்று சொல்லிவிட்டு, அவள் தோளைக்கூடப் பிடிக்காமல் முன்னால் நடந்தார்.